வசந்தா உட்காராத சீட்டு

தெய்வசிகாமணியின் ஜீப்பைப் பற்றி மரக்காணத்தில் யாரைக் கேட்டாலும் முதலில் சிரிப்பார்கள், அப்புறம்தான் பதில் சொல்வார்கள். ராணுவ ஏலத்தில் அவர் அதை எடுத்துப் பதினாலு வருஷம் ஆகிறது. பாதி உடம்பு ஒட்டு, மீதி உடம்பு ஓட்டை. ஆனாலும் உப்பளத்து வரப்பில், டிராக்டரே யோசித்து நிற்கும் சேற்றில், அது கனைத்துக்கொண்டு ஏறிப் போய்விடும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. அவருக்கு அந்த ஜீப் பொன் மட்டுமில்லை, வைரம்.

அந்த வைரத்தில் ஒரு குறை இருந்தது. முன்பக்க இடது சீட்டில் அவர் மனைவி வசந்தா உட்கார மாட்டாள். எங்கே போனாலும் பின்னால் கோணி மூட்டைகளுக்கு நடுவில்தான் ஏறுவாள். அளத்தில் வேலை செய்யும் பக்கிரி ஒரு தரம் முன்னால் ஏறப்போக, "பின்னால போய்யா" என்று விரட்டிவிட்டாள். புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சுவார்த்தை இல்லை போலிருக்கிறது என்று ஊரில் சிலர் கண்ணடித்துக்கொண்டார்கள். சிகாமணிக்கு அது உள்ளே குத்தும். இத்தனைக்கும் அவள் ஒரே ஒரு தடவை முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். மூன்று வருஷத்துக்கு முன், மகள் நிவேதாவின் நிச்சயதார்த்தத்தன்று, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு மூட்டை நடுவில் போவதா என்று அவர்தான் கையைப் பிடித்து உட்கார வைத்தார். இடையஞ்சாவடியில் சம்பந்தி வீட்டு வாசலில் பிரேக் போட்டதுதான் தாமதம், சீட்டுக்கு அடியிலிருந்த பேட்டரிப் பெட்டி துருப்பிடித்து இற்றுப்போய் மளுக்கென்று உட்கார்ந்தது. கூடவே வசந்தாவும் உட்கார்ந்தாள், தாம்பாளத்தோடு. சம்பந்தியம்மா குப்பம்மாள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்ததை இரண்டு குடும்பமும் பார்த்தது.

இந்தக் கதையெல்லாம் இப்போது எதற்கென்றால், நிவேதாவுக்கு ஏழாம் மாதம். வெள்ளிக்கிழமை வளைகாப்பு. வளையல் போட்ட கையோடு பிள்ளையைத் தாய்வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். தாய்வீடோ உப்பளத்துக்கு அந்தப் பக்கம். போன கார்த்திகை மழையில் பாதை அறுத்துக்கொண்டு போனதிலிருந்து ஆட்டோக்காரர்கள் மெயின் ரோட்டோடு கும்பிடு போட்டுவிடுகிறார்கள். ஜீப்தான் வர முடியும். வயிற்றுப்பிள்ளைக்காரி பின்னால் ஏற முடியாது, முன்னால்தான் உட்கார வேண்டும்.

"அந்த சீட்டுல எம்பொண்ணு உக்காரக் கூடாது" என்று வசந்தா தீர்த்துச் சொல்லிவிட்டாள். "வழி சரியாவுற வரைக்கும் அவ மாமியா வூட்டுலயே இருக்கட்டும்."

சிகாமணிக்குச் சோறு இறங்கவில்லை. மகள் வருவாளென்று வாசல் அறைக்கு அவரே வெள்ளையடித்திருந்தார், புது ஃபேன் மாட்டியிருந்தார். ஒரே மகள், முதல் பேறு. அது சம்பந்தி வீட்டில் நடந்தால் அப்பன் என்று எதற்கு ஒருத்தன்? புதன்கிழமை காலை ஜீப்பை எடுத்துக்கொண்டு நேரே ஆரோக்கியராஜின் வெல்டிங் பட்டறைக்குப் போனார்.

ஆரோக்கியராஜ் வண்டியைப் பார்த்ததும் தலையில் கை வைத்தான்.

"அண்ணே, இது நாலாவது தடவ. ஊர்ல எத்தினி கேட்டு, எத்தினி ஜன்னல் பத்த வெச்சிருக்கேன், ஒண்ணு வுழுந்துச்சா? உங்க பொட்டி மட்டும் பொடிப்பொடியா பூடுது. அண்ணி மார்க்கெட்ல நின்னுக்கினு, அந்தாளு வெல்டிங் அப்பளம் மாதிரி நொறுங்குதுன்னு சொல்லுதாம். என் பொழப்பு இன்னா ஆவுறது?"

"கடல் காத்துடா ராஜு. உப்புக் காத்து."

"காத்து உங்க ஜீப்ப மட்டும் பாத்தா அடிக்குது?"

புலம்பிக்கொண்டே சீட்டைக் கழற்றினான். பேட்டரி ஒயர்களை எடுத்தான். முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. பேட்டரியைத் தூக்கினான். பெட்டியின் தரை சல்லடையாக இருந்தது. அதன் மூலையில், ஈரம் சொட்டச் சொட்ட, ஒரு மஞ்சள் துணி முடிச்சு. பக்கத்தில் நைந்து நாராகிப்போன இன்னும் இரண்டு.

ஆரோக்கியராஜ் சிலுவை போட்டுக்கொண்டு இரண்டடி பின்னால் போனான். "செய்வினைண்ணே! தொடாதீங்க!"

சிகாமணி தொட்டார். துணியின் ஓரத்தில் சிவப்புக் கரை. நிவேதா பள்ளிக்கூடம் போகும்போது கட்டிய பாவாடைக் கரை அது. முடிச்சுக்கு மேல் முடிச்சு, அதற்கும் மேல் ஒரு முடிச்சு. பல்லால் கடித்தாலும் அவிழாத அந்த முடிச்சை உலகத்தில் ஒருத்திதான் போடுவாள். கிழித்துப் பார்த்தார். உள்ளே ஒரு கை உப்பும் ஒரு மஞ்சள் கிழங்கும்.

உப்பளத்துக்காரர்களுக்கு உப்பு என்றால் லட்சுமி. வருஷத்தில் முதல் உப்பு அள்ளுகிற நாளில் ஒரு பிடி வரப்புப் பிள்ளையாருக்கு, ஒரு பிடி வீட்டுக்கு. அது சரி. ஆனால் பேட்டரிப் பெட்டிக்குள் ஒரு பிடியா? இரும்புக்கும் உப்புக்கும் உள்ள பகையை உப்பளத்துக்காரிக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா!

"ராஜு, இத அவகிட்ட சொல்லிடாத. நாளான்னிக்கு வளைகாப்பு. கோச்சிக்கினா என் பொண்ணு வூடு வந்து சேராது."

ஆரோக்கியராஜ் கையுறையைக் கழற்றி வைத்தான். "அதெல்லாம் முடியாதுண்ணே. அப்பளம்னு சொன்ன அதே வாயால, என் வேலையில தப்பில்லன்னு அண்ணி சொல்லணும். அப்பதான் புதுப் பொட்டி."

கெஞ்சினார். அவன் அசையவில்லை. மானமுள்ளவன், அவனைச் சொல்லியும் குற்றமில்லை. ஜீப்பை அங்கேயே விட்டுவிட்டு, சிகாமணி வரப்பு வழியே வீட்டுக்கு நடந்தார். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் வாய்விட்டு ஒத்திகை பார்த்தார். உப்பு வாருகிற பெண்கள் மனுஷனுக்கு வெயில் ஏறிவிட்டது என்று நினைத்தார்கள்.

வசந்தா கூடத்தில் வளையல்களை நிறம் நிறமாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவர் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய், "பேட்டரிக்கு அடியில உப்பு முடிச்சு இருந்துச்சு" என்று மட்டும் வந்தது.

அவள் நிமிர்ந்தாள். கோபம் வரும் என்று பார்த்தார். முகத்தில் வந்தது பயம்.

"எடுத்துட்டீங்களா? யாரு எடுக்கச் சொன்னது உங்கள? பட்டறைக்குப் போறப்பல்லாம் மொதல்லயே நான் எடுத்து வெச்சிடுவேன், இந்தத் தரம் சொல்லாம பூட்டீங்க."

"இன்னாத்துக்கு வசந்தா அத அங்க வெச்ச?"

"இன்னாத்துக்கா? ஏலத்துல எடுத்துக்கினு வந்த அன்னிக்கே வண்டிய உப்பங்கழியில சாச்சிட்டு, மண்டையில ரத்தத்தோட வந்து நின்னீங்களே, ஞாபகம் இருக்குதா? அந்த வருசத்துலேர்ந்து மொத உப்புல ஒரு முடிச்சு வெக்கிறேன். நீங்க முழுசா வூடு வந்து சேரணும்னு."

"அதுக்கு அந்தப் பொட்டிதான் கெடச்சுதா?"

"உப்ப மிதிக்கக் கூடாதில்ல? உங்க வண்டியில கால் படாத எடம் வேற எங்க இருக்குது, சொல்லுங்க."

சிகாமணி யோசித்துப் பார்த்தார். எங்கேயும் இல்லைதான்.

"அப்ப அதுக்கு மேல உக்காந்தா?"

"அதான் உக்கார மாட்டேன்றேன்!" என்றாள். "யாரையும் உக்காரவும் வுடல. அன்னிக்கு நீங்கதான் கையப் புடிச்சி உக்கார வெச்சீங்க. லட்சுமி மேல உக்காந்தா சும்மா வுடுவாளா? சம்மந்தி எதிர்லயே தள்ளி வுட்டா."

தன் வண்டியை மட்டமாக நினைக்கிறாள், தன் பக்கத்தில் உட்காரப் பிடிக்கவில்லை என்று எத்தனை நாள் மனதுக்குள் பொருமியிருக்கிறார்! அவர் உயிருக்காக அவள் பதினாலு வருஷம் மூட்டை மேல் குலுங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பட்டறையில் தெரிந்ததையும் ஆரோக்கியராஜ் கேட்டதையும் மெதுவாகச் சொன்னார். உப்பு கசிந்தது, பெட்டி அரித்தது, சீட்டு இறங்கியது, எல்லாம்.

வசந்தா கையிலிருந்த வளையலை மடியில் போட்டாள்.

"அப்ப என்னைத் தள்ளி வுட்டது நான் வெச்ச உப்பா?" என்றாள். பிறகு சிரித்தாள். வளையல்கள் மடியிலிருந்து உருண்டோட, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவரும் சேர்ந்துகொண்டார். பக்கத்து வீட்டு லட்சுமியம்மாள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை காலை வசந்தாவே பட்டறைக்குப் போனாள். எதிரே டீக்கடையில் நின்றவர்கள் அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி, "தம்பி, உன் வேலையில ஒரு குத்தமும் இல்ல. எல்லாம் என் உப்பு பண்ண வேல" என்றாள். ஆரோக்கியராஜுக்கு முகம் மலர்ந்துவிட்டது. கனத் தகடாகப் பார்த்து வெட்டினான், மூலைக்கு மூலை ஆங்கிள் வைத்துப் பற்றவைத்தான், தண்ணீர் வடிய அடியில் ஓட்டை போட்டான். ரெட் ஆக்சைடு ஒரு கை, அதற்கு மேல் கறுப்பு பெயிண்ட் இரண்டு கை. பேட்டரிக்கு அடியில் ரப்பர் விரித்து, முனைகளில் கிரீஸ் தடவினான். பெயிண்ட் காய்ந்து சீட்டைப் பூட்டியதும், டீக்கடையிலிருந்த மூன்று தடியர்களைக் கூப்பிட்டு அதன் மேல் ஏறிக் குதிக்கச் சொன்னான். சீட்டு அசைந்து கொடுக்கவில்லை. இந்த வருஷத்து உப்பு, இறுக மூடிய ஊறுகாய் பாட்டிலுக்குள் புகுந்து, மேல்கம்பியில் கட்டப்பட்டது.

வெள்ளிக்கிழமை இடையஞ்சாவடியில் நிவேதாவின் இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல். புறப்படும்போது குப்பம்மாள் வாசலுக்கு வந்து, மருமகளை முன்சீட்டில் ஏற்றிவிட்டு, "இந்தத் தடவ தாங்குமா சம்மந்தி?" என்றாள்.

"தாங்கும் சம்மந்தி. தள்ளி வுட்டவள நானே புடிச்சிட்டேன்" என்று பின்னாலிருந்து வசந்தா சொன்னாள். குப்பம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் சிரித்தாள்.

அறுந்த பாதையில் சிகாமணி தண்ணீர்க் குடம் ஏற்றிய வண்டி மாதிரி ஓட்டினார். ஒவ்வொரு பள்ளத்திலும் நிவேதாவின் வளையல்கள் குலுங்கின, சீட்டு குலுங்கவில்லை. உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் பலகையைப் போட்டுவிட்டு வரப்போரம் ஓடிவந்து கையசைத்தார்கள். வாசலில் வசந்தா ஆரத்தி எடுக்க, மகள் வலது காலை வைத்து உள்ளே போனபோது, அவருக்கு ஜீப்பைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

அவர் வண்டியைக் கொட்டகைக்குத் திருப்பினார். வசந்தா ஆரத்தித் தட்டோடு வெளியே வந்தாள். முச்சந்திக்கு முப்பது அடிகூட இருக்காது. எந்த நாளும் நடந்துபோய்க் கொட்டிவிட்டு வருகிற இடம்தான். அவள் ஜீப்பைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்தாள். தட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஏறி, முன்சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். பிறகு தட்டைத் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்னாங்க பாக்கறீங்க? எடுங்க வண்டிய" என்றாள்.