ஆறு அங்குல அட்டை

மனைவி டிலுக்ஷி சேர்த்து வைத்திருந்த துண்டுத் துணிகளை ஓர் உரப்பையில் போட்டு, மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு அமல்ராஜ் எத்தாளைக்கு வந்தான். பையைக் கொடுத்துவிட்டு உடனே திரும்பிவிடுவதென்று தீர்மானித்திருந்தான். சொல்ல வேண்டியதையும் வழியிலேயே யோசித்து வைத்திருந்தான். இரண்டு வசனம். அதற்கு மேல் தேவைப்படாது.

டிசம்பர் விடுமுறையில் பள்ளிக்கூடம் மூடியதும் ஷஃபீனாவின் தையற்கடையில் நான்கு சிநேகிதிகள் கூடுவார்கள். நத்தார்ப் பண்டிகைக்கு முன் ஒரு போர்வை தைத்து முடிப்பார்கள். அந்த வருஷத்தில் மிஞ்சிய துணியெல்லாம் அதில் சேரும். போர்வை முறைவைத்து ஒருத்திக்குப் போகும். மக்தலேனா, றுஷ்னா, ஷஃபீனா மூவருக்கும் கிடைத்துவிட்டது. இந்த வருஷம் டிலுக்ஷியின் முறை.

டிலுக்ஷி சித்திரையில் செத்துப்போனாள். டெங்கு. ஐந்து நாள் காய்ச்சல்.

அவளுடைய சாமான்களை அவன் கொஞ்சம் கொஞ்சமாக அலுமாரியிலிருந்து வெளியேற்றியிருந்தான். கடைசியாக மிஞ்சியது இந்தப் பை. இது போய், போர்வையாகத் திரும்பி வருவதை அவன் விரும்பவில்லை.

கடைக்குள் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"மூணு கிழமை குந்தியிருந்து தச்ச போர்வை," என்று மக்தலேனா சொல்லிக்கொண்டிருந்தாள். "என்ட மனுசன் அல்பிரட் அதைக் கொண்டுபோய் போட் எஞ்சினைப் போத்தி வெச்சிருக்கு."

"எஞ்சினுக்கும் குளிரும்தானே அக்கா," என்றாள் றுஷ்னா. மூவரில் இளையவள். "ஒங்களப் போத்த அவர் இரிக்காரு. அதுக்கு ஆர் இரிக்கா?"

"வாயைப் பார் இவட!"

வாசலில் அவனைக் கண்டதும் அடங்கினார்கள். அவன் பையைப் பாயின் ஓரத்தில் வைத்தான்.

"இது அவட துணி, நீங்க பாவியுங்க. முறையை வேற ஆருக்காவது குடுங்க."

ஷஃபீனா மெஷினிலிருந்து காலை எடுக்கவில்லை. ஜனவரிக்குள் தைத்துக் கொடுக்க வேண்டிய பள்ளிக்கூட யூனிஃபோம் வெள்ளை வெள்ளையாக அவளைச் சுற்றிக் கிடந்தது.

"முறை முறைதான் சேர். மாத்த ஏலா. இரிங்க."

"வீட்டில போர்வை இருக்கு."

"இல்லேண்டு ஆர் சொன்ன? இரிங்களேன், பிளேன்டீ ஊத்துறேன்."

அவன் உட்காரவில்லை, போகவுமில்லை. அதற்குள் றுஷ்னா பையை அவிழ்த்துவிட்டாள். ஒரே அளவில் வெட்டிய இருபத்துநான்கு சதுரங்கள், ஒரு துணிக்கரையால் கட்டியிருந்தன. அடியில் ஓர் அட்டை. முறைக்காரியின் துண்டுகள் போர்வையின் நடுவில் வரவேண்டும். றுஷ்னா அவற்றை மற்றவர்களின் துண்டுகளுக்கு நடுவே பாயில் பரப்பினாள். ஒவ்வொன்றும் ஓர் அங்குலம் குறைந்தது.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஒரேயடியாகச் சிரித்தார்கள்.

"இந்த வருஷமும்!" என்றாள் மக்தலேனா.

"என்ன?" என்றான்.

"தையலுக்கு நாலு பக்கமும் அரை அங்குலம் உடணும் சேர்," என்றாள் ஷஃபீனா. "ஏழு வெட்டினாத்தான் ஆறு வரும். இவ எப்பவும் ஆறுதான் வெட்டுவா. கேட்டா, ஒங்கட துண்டுதான் பெரிசு எண்டு சண்டைக்கு வருவா."

"கணக்கு வாத்தியாரைக் கட்டியும் ஆறுக்கும் ஏழுக்கும் வித்தியாசம் தெரியாதாடி எண்டு நாங்க பகிடி பண்ணாத நாளில்ல," என்றாள் மக்தலேனா. "வேற அட்டை வெட்டித் தாறன் எண்டன். மாட்டன் எண்டுட்டுது. இதுதான் சரியான அட்டையாம்."

றுஷ்னா அட்டையைத் தூக்கிக் காட்டினாள். "எழுதியும் இரிக்கே. ஆறு தர ஆறு."

மூலையில் இருந்த அந்த 6 அவனுடையது. வாலை உள்ளே சுருட்டி அப்படித்தான் அவன் எழுதுவான். கலண்டர் அட்டை, இரும்பு அடிமட்டம், பிளேட். ஆறு அங்குலத்தில் ஒரு சதுரம் வேண்டும் என்று மட்டும்தான் டிலுக்ஷி அன்றைக்குக் கேட்டாள். வெட்டிவிட்டு மூலைக்கு மூலையும் அளந்து பார்த்தான். ஒரு மில்லிமீற்றர் பிசகில்லை. அதற்குப் பிறகு மூன்று டிசம்பர் போயிருக்கிறது. ஒரு நாளும் அவள் அட்டையைப் பற்றிப் பேசவில்லை.

"அதை நான்தான் வெட்டினன்," என்றான்.

மெஷின் நின்றது.

"அட பாவி மனுசா!" என்றாள் மக்தலேனா. "உன்ட பிழைக்கு அந்தப் பிள்ளை மூணு வருஷம் எங்களிட்டப் பேச்சு வாங்கியிருக்கு. ஒரு வார்த்தை சொல்லல்லையே!"

றுஷ்னா முந்தானையால் வாயைப் பொத்தினாள். ஆனாலும் சிரிப்பு வெளியே வந்தது. பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. பாயில் உட்கார்ந்து ஒரு சதுரத்தை எடுத்தான். பச்சையில் வெள்ளைப் பூ. எந்தச் சட்டையின் துணி என்று நினைவு வரவில்லை.

"ரெண்டு அங்குலத்தில பட்டி வெட்டுங்க," என்றான். "அடுத்தடுத்த ரெண்டு பக்கத்துக்கு வெச்சாப் போதும். தையல் போக ஏழு வரும்."

ஷஃபீனா விரல் மடித்துப் பார்த்தாள். "வரும். அட, நாங்க மூணு வருஷமா நாலு பக்கமும் வெச்சிச் செத்தோமே!"

"நாப்பத்தெட்டுப் பட்டி," என்றான்.

"ஆர் வெட்டுற?"

அவன் கத்தரிக்கோலை எடுத்தான். யூனிஃபோமில் கழிந்த வெள்ளைத் துணி வேண்டிய மட்டும் கிடந்தது. பின்னேரம் பள்ளிவாசலில் அஸருக்குப் பாங்கு சொல்லும்போது முப்பத்தொன்று வெட்டியிருந்தான். பிளேன்டீ ஆறிப்போயிருந்தது. அதைக் குடித்தான்.

மறுநாளும் வந்தான். மெஷினுக்கு யூனிஃபோம் வேலை முடியாததால் பட்டிகளைக் கையால் தைத்தார்கள். அவன் தைத்ததை மக்தலேனா திருப்பிப் பார்த்தாள்.

"இது வலை முடிச்சு. பிழை வந்தாலும் இனிப் பிரிக்க ஏலாது தம்பி."

"பிழை வராது," என்றான்.

"அட்டை வெட்டக்குள்ளயும் இப்படித்தான் சொல்லியிருப்பீங்க," என்றாள் றுஷ்னா. அன்றைக்கு அவனும் சிரித்தான், கொஞ்சம்.

இருபத்துமூன்றாம் திகதி பின்னேரம் போர்வை முடிந்தது. நடுவில் இருபத்துநான்கு சதுரங்களும் வெள்ளைக்கரையோடு இருந்தன. இரண்டு இடத்தில் பட்டி கோணியிருந்தது. இரண்டும் அவன் தைத்தவை.

"அப்ப, முறை?" என்று கேட்டாள் ஷஃபீனா.

அவன் போர்வையை மடிக்கத் தொடங்கினான். மக்தலேனா மறுமுனையைப் பிடித்தாள்.

"இந்த அட்டைய வீசவா சேர்?" என்று கேட்டாள் றுஷ்னா.

"வேணாம், தாங்க. அடுத்த வருஷத்துக்கு வேற ஒண்டு வெட்டித் தாறன்."

"ஏழா?"

"ஏழு."

கொண்டுவந்த உரப்பைக்குள் போர்வை அடங்கவில்லை. இறுக்கி மடித்து இன்னொரு தரம் பார்த்தான். பிறகு அட்டையை மட்டும் பைக்குள் போட்டுவிட்டு, போர்வையைப் பெற்றோல் டாங்கியின் மேல் வைத்து, நெஞ்சால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனான்.