பால்கனியில் ஒரு குதிரை

இதனால் கிசில்ஜார் நகரவாசிகளுக்கும், அண்டை நாடான ரஷ்யாவுக்கும், வட துருவத்தில் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: அக்டோபர் மாதக் கடைசிப் புதன்கிழமை காலை முதல், நான்கு மாடிக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் வசிக்கும் ஓமிர்சாக் அவர்கள் குளிர்காலத்தைச் சந்திக்கச் சகல விதத்திலும் தயாராகிவிட்டார். இனி அது வரலாம்.

ஏறக்குறைய இதே வாசகத்தைத்தான் அவர் குடியிருப்பின் வாட்ஸாப் குழுவில் போட்டார். தரைத்தளத்து ஜினைதா பாவ்லோவ்னா மட்டும் பதிலுக்கு ஒரு கட்டைவிரலை அனுப்பினார். அதுவும் கை தவறிப் பட்டது என்று பிற்பாடு சொன்னார்.

ஓமிர்சாக் தெற்கே ஜெதிசாய்க்காரர். பருத்தியும் முலாம்பழமும் வெயிலும் விளைகிற ஊர். அங்கே பனி என்பது காலையில் விழுந்து மதியம் சேறாகிற சமாச்சாரம். யாரும் அதற்காகச் செருப்பைக்கூட மாற்ற மாட்டார்கள். ஊர்க் கலாசார மாளிகைக்கு இருபது வருஷம் இயக்குநராக இருந்து, வராமல்போன அமைச்சர்களுக்கெல்லாம் வரவேற்புரை ஆற்றி ஓய்வு பெற்றவர். மகள் உல்போசினை வடக்கே, இந்தக் கிசில்ஜாரில் கட்டிக்கொடுத்தார். அவளுக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது என்றதும் மனைவி ஜுபார் மூட்டையைக் கட்டினாள். கோடையிலேயே இருவரும் வந்து தனி வீடு எடுத்துத் தங்கினார்கள்.

வந்தது பேரப்பிள்ளைக்காக என்று ஜுபார் நினைத்துக்கொண்டிருந்தாள். ஓமிர்சாக் வந்தது ஒரு வாக்கைக் காப்பாற்ற.

மைக் கையில் இருந்தால் அவர் எதற்கும் வாக்குக் கொடுப்பார். மகளின் கல்யாணத்தில் இருந்தது. "சம்பந்தி, நான் வடக்க வந்து வெட்டற முதல் சோகிம் குதிரை இருக்கே, அதோட கறி நவ்ரூஸ் வரைக்கும் உங்க வீட்டு மேசையில தீராது. இது தெக்கத்தியான் வாக்கு," என்று முழங்கிவிட்டார். குளிர்காலத் தொடக்கத்தில் வெட்டுகிற குதிரைதான் சோகிம். மார்ச் மாதத்து நவ்ரூஸ் பண்டிகைக் கஞ்சியில் அதன் கடைசித் துண்டு விழுந்தால்தான் குடும்பத்துக்குக் கௌரவம்.

சம்பந்தி கபிதென் ஓய்வுபெற்ற போக்குவரத்து இன்ஸ்பெக்டர். அன்று மண்டபமே கைதட்டியபோது அவர் சொன்னது ஒரே வார்த்தை. "பாக்கலாம்."

அந்தப் 'பாக்கலாம்' அன்றிலிருந்து ஓமிர்சாக்கின் நெஞ்சில் எலும்புத் துண்டுபோல நின்றுகொண்டிருந்தது.

ஆகவே தயாரிப்புகள் பலமாக நடந்தன. ஊரிலிருந்து வந்த மூட்டைகளில் மூன்று வெறும் பஞ்சு. வடக்கத்தியர்கள் இரட்டை ஜன்னல்களுக்கு நடுவே கொஞ்சம் பஞ்சை அடைத்து, விளிம்பில் காகிதப் பட்டையைப் பசை தடவி ஒட்டுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தார். கொஞ்சம் என்பது அவர் அகராதியில் இல்லாத சொல். செப்டம்பரிலேயே வீட்டில் இருந்த இண்டு இடுக்கு, சாவித்துவாரம், அலமாரிக்குப் பின்னால் இருந்த ஓர் ஆணித்துளை உட்பட எல்லாவற்றையும் அடைத்தார். அதன் மேல் காகிதம். காகிதத்தின் மேல் இன்னொரு காகிதம்.

"ஏங்க, காத்து வர ஒரு ஓட்டையாவது விடுங்க," என்றாள் ஜுபார்.

"காத்து வாங்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?"

"மூச்சு விடவாவது வந்திருக்கோமில்ல?"

மறுவாரம் நகராட்சி கொதிகலனைப் பற்றவைத்தது. சுவரோரக் குழாய்களில் வெந்நீர் ஓடத் தொடங்கிய அன்றே வீடு ஜெதிசாயின் ஜூலை மாதமாயிற்று. ஓமிர்சாக் பனியனும் அரைக்கால் சட்டையுமாக உட்கார்ந்து, வழிகிற வியர்வையைத் துண்டால் ஒற்றிக்கொண்டே, "பாத்தியா, குளிரால உள்ள வர முடியல," என்றார். வெளியே அப்போது பன்னிரண்டு டிகிரி இதமான வெயில்.

இந்த வருஷம் பனி தாமதம். அவர் ஒரு மாதமாக ஓநாய்த்தோல் தொப்பியைத் தலையில் வைப்பதும் எடுப்பதுமாகக் காத்திருந்தார். அதனால்தான் பொறுமை இழந்து அந்த அறிவிப்பை விட்டது. குளிர்காலமும் அதைப் படித்திருக்க வேண்டும். அன்று மதியமே பனி கொட்டத் தொடங்கியது.

ஓமிர்சாக் தொப்பியை மாட்டி, முழங்கால்வரை ஏறும் கம்பளி பூட்ஸைப் போட்டு முற்றத்தில் இறங்கினார். கைகளை விரித்து, முகத்தை வானத்துக்குக் கொடுத்து நின்றார். ஏதோ சொற்பொழிவு ஒன்று தொண்டைவரை வந்தது. அதற்குள் பூட்ஸ் ஈரத்தைக் குடித்துத் தலா ஒரு வாளி கனமாயிற்று.

ஜினைதா பாவ்லோவ்னா ஜன்னலைத் திறந்தார். "ஏம்பா ஓமிர்சாக், அது காஞ்ச பனிக்குப் போடறது. சேத்துல போட்டா சாகற வரைக்கும் காயாது."

"அம்மா, நாங்க தெக்கத்திக்காரங்க. வெயில் எங்க உடம்புலயே இருக்கு."

"உடம்புல சரிப்பா. கால்ல இருக்கா?"

அவர் அதைக் காதில் வாங்காமல், பட்டணத்துக்கு வெளியே பேசி வைத்திருந்த குதிரைக்காரனைப் போனில் அழைத்தார். அடுத்து சம்பந்தியை.

"சம்பந்தி, நாளைக்கு வெட்டறோம். ஞாயித்துக்கிழமை நீங்க குடும்பத்தோட வந்துடணும். சம்பந்தி மரியாதைக்கான இடுப்பெலும்பைத் தொடாம வெச்சிருப்பேன்."

மறுமுனையில் கபிதென் தேநீர் உறிஞ்சும் சத்தம் கேட்டது. "அவசரப்படாதீங்க. இது சும்மா எட்டிப் பாத்துட்டுப் போற பனி. பால்கனியில ஒரு வாளி தண்ணி வைங்க. அடி வரைக்கும் கல்லானப்புறம் குதிரையைப் பத்திப் பேசுவோம்."

"வாளி கிட்ட அனுமதி வாங்கிட்டா சம்பந்தி, ஆம்பளையானவன் குதிரை வெட்டறது?"

"பாக்கலாம்," என்றார் கபிதென்.

அந்த வார்த்தை மட்டும் வராமல் இருந்திருந்தால் அந்தக் குதிரை இன்னும் சில நாள் உயிரோடு இருந்திருக்கும்.

வியாழன் மாலை கறி வந்து இறங்கியது. தொடைகள், விலாக்கள், விலாக்கொழுப்பைக் குடலில் அடைத்துக் கட்டிய கஸி வளையங்கள். ஜுபார் உப்பு மூட்டையை இழுத்துக்கொண்டு வந்தாள். ஓமிர்சாக் கையை உயர்த்தித் தடுத்தார்.

"உப்புங்கறது வெயில் ஊருக்காரன் கண்டுபிடிப்பு. இங்க இயற்கையே ஃபிரீசர். கறியை உப்புப் போட்டு அவமானப்படுத்தாத."

"இயற்கை கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கேட்கவில்லை. தெற்குப் பார்த்த கண்ணாடி அடைத்த பால்கனியில் குதிரை முழுதும் கொக்கிகளில் தொங்கியது. வீட்டுக்குள் குளிர் வராமல் இருக்க அவர் பால்கனிக் கதவையும் பஞ்சடைத்துக் காகிதம் ஒட்டி மூடினார். தேவைப்படும்போது மேலே இருக்கும் சின்ன ஜன்னல் வழியாகக் குச்சியில் கொக்கி கட்டித் துண்டு துண்டாக எடுத்துக்கொள்ளலாம். இந்த ஏற்பாட்டைப் பார்த்து அவரே வியந்துபோய், அதன் எதிரே நாற்காலி போட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை சூரியன் வந்தது. தொப்பியைக் கழற்றிவிட்டு வந்த விருந்தாளி போல, அவசரமே இல்லாமல் வந்தது. மதியத்துக்குள் முற்றத்துப் பனி மறைந்தது. மாலையில் பிள்ளைகள் சட்டையோடு சைக்கிள் விட்டார்கள்.

சனிக்கிழமை காலை ஜுபார் சமையலறையிலிருந்து அமைதியாகக் கூப்பிட்டாள். "ஏங்க, உங்க ஃபிரீசர்ல ஈ பறக்குது."

பறந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், தொடைக்கும் விலாவுக்கும் நடுவே, வீடு பார்க்க வந்தவர்போல நிதானமாகச் சுற்றி வந்தது.

அரை மணி நேரத்தில் கபிதென் வந்துவிட்டார்; உல்போசினுக்குத் தகவல் போய், அவள் வழியாக அவருக்குப் போயிருந்தது. காகிதத்தைக் கிழித்துப் பால்கனிக்குள் போய், கறியை மோந்து, விரலால் அழுத்தி, சாலையோரம் வண்டியை நிறுத்திச் சோதிப்பவர்போல ஈயை முறைத்தார்.

"இன்னும் கெடல. நாளைக்கு சாயங்காலம் தாண்டாது."

"இப்ப உப்புப் போட்டா?" என்றாள் ஜுபார்.

"இந்த வீட்டுச் சூட்டுல உப்புப் போட்டா வெந்து நேரா சாப்பாடுதான் சம்பந்தியம்மா."

ஃபிரிட்ஜ் வேட்டை தொடங்கியது. ஓமிர்சாக் மாடி மாடியாக ஏறி இறங்கினார். எல்லார் ஃபிரீசரிலும் காளானும் மீனும் உறைந்து கிடந்தன. ஜினைதா பாவ்லோவ்னா பெரிய மனசு பண்ணித் தன் கருந்திராட்சைகளை எடுத்து மேசையில் கொட்டிவிட்டு ஃபிரீசரில் ஓர் அறையைக் காலி செய்து கொடுத்தார். அதில் ஒரு முழங்கால் நுழைந்தது. குதிரை என்பது ஃபிரிட்ஜை மனதில் வைத்துப் படைக்கப்பட்ட பிராணி அல்ல.

மாலை, ஓமிர்சாக் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். "நவ்ரூஸ் வரைக்கும்னு சொன்னேன் ஜுபார். மைக்ல சொன்னேன்."

ஜுபாருக்கே பாவமாகிவிட்டது. "விடுங்க. மைக்ல சொன்னத யாரு ஞாபகம் வெச்சிருக்கா?"

"கபிதென்."

ஈ தொடையிலிருந்து விலாவுக்கு இடம் மாறியது. பிறகு ஓமிர்சாக்கின் முதுகு மெல்ல நிமிர்ந்தது; கலாசார மாளிகையில் விளக்குகள் எரிந்ததுபோல முகம் தெளிந்தது. போனை எடுத்தார். குழுவில் செய்தி போயிற்று: முதல் சோகிம் குதிரையை ஒரே நாளில், ஒரே கூரையின் கீழ், அக்கம்பக்கத்தார் அனைவரோடும் உண்டு தீர்ப்பது தெற்கத்தியாரின் தொன்மையான வழக்கம், நாளை அனைவரும் வருக.

ஜுபார் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். "இது எப்பலேர்ந்து வழக்கம்?"

"இப்பலேர்ந்து."

ஞாயிற்றுக்கிழமை குடியிருப்பே மூன்றாம் மாடியில் இருந்தது. இடம் போதாமல் படிக்கட்டிலும் உட்கார்ந்தார்கள். நான்கு வீட்டு அடுப்புகளில் அண்டா கொதித்தது. கறியும் மாவுத் தகடும் தட்டுத் தட்டாகக் கை மாறி மேலேயும் கீழேயும் போயின. ஃபிரீசரிலிருந்து துரத்தப்பட்ட கருந்திராட்சை சாராயத்தில் நீந்தி வந்தது. யாரோ டோம்பிராவை மீட்ட, யாரோ அக்கார்டியனை எடுக்க, இரண்டும் வேறு வேறு பாட்டை வாசித்தன. ஆடியவர்களுக்கு அது ஒரு குறையாகப் படவில்லை. ஜினைதா பாவ்லோவ்னா கையில் எலும்போடு ஆடினார்.

வீடு அடுப்புக்குள் அடுப்பாயிற்று. "இனி முடியாதுடா சாமி," என்று ஜுபார் ஸ்டூலில் ஏறி முதல் ஜன்னலின் காகிதத்தைக் கிழித்தாள். உள்ளிருந்து பஞ்சு பிதுங்கியது. அவள் அதைப் பிடுங்கி ஒரு வாண்டின் தலையில் போட்டாள். அவ்வளவுதான். எல்லாரும் ஜன்னல்களில் பாய்ந்தார்கள். மூன்று மூட்டைப் பஞ்சும் அறைமுழுதும் பறந்தது. பெரியவர்கள் உருண்டை பிடித்து எறிந்தார்கள், சிறுவர்கள் தரையில் புரண்டார்கள், உல்போசின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கபிதெனின் மீசையில் பஞ்சு ஒட்டி, அவர் வெள்ளைத் தாடிப் புத்தாண்டுத் தாத்தா மாதிரி ஆனார்.

"பாத்தீங்களா சம்பந்தி," என்று ஓமிர்சாக் கத்தினார், "தெக்கத்தியான் பனி."

கபிதென் இடுப்பெலும்பைச் சுத்தமாகக் கடித்து வைத்துவிட்டு, கையைத் துடைத்து எழுந்தார். வீடு அடங்கியது.

"நவ்ரூஸ் வரைக்கும் என் மேசையில கறி தீராதுன்னு சம்பந்தி வாக்குக் கொடுத்தாரு," என்றார் கபிதென். "நவ்ரூஸ் வரைக்கும் திங்க வேண்டியத நான் இன்னிக்கே தின்னுட்டேன். இனி அது வரைக்கும் எனக்குப் பசிக்காது. வாக்கு நிறைவேறிடுச்சு." உள்ளங்கைகளை விரித்து ஆசீர்வாதம் சொன்னார்.

கூரை இடிகிற மாதிரி கைதட்டல். ஓமிர்சாக்கின் கண் கலங்கியது. கலாசார மாளிகையில் இருபது வருஷத்தில் வாங்காத கைதட்டல் அது.

அந்த மயக்கத்தில்தான் அவர் சமையலறைக்கு ஓடினார். ஜுபார் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த கடைசிக் கஸி வளையத்தைக் கண்டுபிடித்து, உயர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"அது குளிருக்குன்னு வெச்சேங்க," என்று ஜுபார் பின்னாலேயே வந்தாள். "திடீர்னு குளிர் வந்தா தாங்கும்ல."

"குளிரா? சம்பந்தி, எப்ப வருது?"

கபிதென் காலை நீட்டி முட்டியைத் தடவினார். "எனக்கு இந்த ஊர்ல அறுபது வருஷம் சர்வீஸ். என் முட்டி ஒரு தடவகூடப் பொய் சொன்னதில்ல. இன்னும் மூணு வாரத்துக்குக் குளிர் இந்தப் பக்கமே வராது."

"கேட்டியா?" என்றார் ஓமிர்சாக். கஸி வட்டமாக நறுக்கப்பட்டு, கடைசித் துண்டு ஜினைதா பாவ்லோவ்னாவின் வாய்க்குள் போயிற்று.

பொழுது சாய்கிற நேரம் எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார்கள். பஞ்சை ஜினைதா பாவ்லோவ்னா தன் தலையணைகளுக்கென்று அள்ளிக்கொண்டார். ஈரம் காயாத கம்பளி பூட்ஸ் குழாயடியில் கிடந்தது. ஓமிர்சாக் ஜன்னல்கள் அத்தனையையும் அகலத் திறந்துபோட்டு, இந்த ஊருக்கு வந்த பிறகு முதல் முறையாக வியர்க்காமல் படுத்தார். ஜுபார் போர்வையைத் தேடினாள். மூட்டையிலிருந்து இன்னும் பிரிக்கவில்லை.

மறுநாள் காலை மைனஸ் பத்தொன்பது.