மைத்துனனோடு குதிரைத்தலை நெபுலா எடுக்கப் போனது

அந்தக் குளிர்காலத்தில், வானத்தைப் படமெடுக்க ஏற்ற இருட்டான இரண்டு அமாவாசைகள் எனக்கு வீணாய்ப் போயின. ஒன்றில் புழுதிக்காற்று. இன்னொன்றில் என் மருந்துக்கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை. மூன்றாவதை விடுவதில்லை என்று இருந்தேன். ஓமானில் நாங்கள் இருக்கும் நிஸ்வாவில் ஊர் விளக்குகளே பாதி வானத்தைத் தின்றுவிடும். தெற்கே ஹைமா ஊரைத் தாண்டிப் பாலைவனத்துக்குள் போனால்தான் ஓரியன் விண்மீன் கூட்டத்தின் இடுப்புப்பட்டையை ஒட்டி இருக்கும் குதிரைத்தலை நெபுலா கேமராவில் விழும். வெறுங்கண்ணுக்குத் தெரியாத அளவு மங்கல் அது. கேமராவை அசையாமல் அதையே பார்க்க வைத்தால்தான் அதன் ஒளி கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும்.

தனியாகப் போகக் கூடாது என்று என் மனைவி நஸ்ரா தன் தம்பி ஹாரிபை என்னோடு ஏற்றிவிட்டாள். அவனுக்குப் பாலைவனம் என்றால் கறி சுடுகிற இடம். அவ்வளவுதான்.

பொழுது சாய்ந்ததும் முக்காலியை நட்டு, நட்சத்திரங்களின் கூடவே மெல்லத் திரும்பும் மோட்டாரைப் பொருத்தினேன். கேமரா மாட்டிய தொலைநோக்கியின் பாரத்தை மறுபக்கம் சமன் செய்ய ஓர் இரும்புக் குண்டு மாட்ட வேண்டும். வண்டி முழுக்கத் தேடியும் அது இல்லை. ஹாரிபைக் கேட்டேன்.

"உருண்டையா, ஓட்டை போட்டு ஒண்ணு இருந்துச்சே, அதா? முற்றத்துல எடுத்து வெச்சிட்டேன் மச்சான். கரி மூட்டைக்கு இடமில்ல."

"அது இல்லாம இது ஓடாதுடா."

"உடற்பயிற்சிச் சாமான்னு நெனச்சேன். பாலைவனத்துல வந்து எதுக்கு உடற்பயிற்சின்னுதான்..."

குண்டுக்குப் பதிலாகத் தண்ணீர்க் கேனைக் கட்டித் தொங்கவிட்டேன். காற்றில் அது ஊஞ்சலாடியது. கேமராத் திரையில் நட்சத்திரங்களெல்லாம் புழுவாய் நெளிந்தன. ஆடாத கனமாய் எதையாவது கம்பியோடு இறுக்கிக் கட்ட வேண்டும் என்று யோசித்தபோது, காலடியில் கண்ணுக்கெட்டிய தூரம் மணல்தான் கிடந்தது. கட்டத் துணிதான் இல்லை. ஹாரிப் தலையில் சுற்றியிருந்த, தன் கல்யாணத்துக்கு வாங்கிய தலைப்பாகையை அவிழ்த்துத் தந்தான். கோபப்படவும் முடியாமல் செய்துவிடுகிறவன் அவன்.

மணல் மூட்டை நின்றது. முதல் படம் நேராக விழுந்தது. திரும்பிப் பார்த்தால் அவன் கரியைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். நெருப்பு கூடாது, புகையும் கூடாது என்று அணைக்க வைத்தேன். வெறும் ரொட்டியைத் தின்றபடி, இதற்கு ஜெயிலே மேல் என்றான். பிறகு பேரீச்சம்பழம் எடுக்க வண்டிக் கதவைத் திறந்தான். உள்விளக்கு எரிந்து ஒரு படம் போனது. பனி தாங்காமல் வண்டிக்குள் போய்ப் படுத்தவன் தூக்கத்தில் பிரேக்கை மிதித்தான். பின்விளக்குகள் எரிந்து இன்னும் சில படங்கள் செக்கச்செவேல் என்று வந்தன. கடைசியில் அவனைப் பின்சீட்டுக்கு மாற்றிக் கம்பளியால் சுற்றிவிட்டேன், பிள்ளையைச் சுற்றுவதுபோல. அதன்பிறகுதான் வேலை நடந்தது.

வீட்டில் கணினி முன் உட்கார்ந்து, தேறிய படங்களை ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கினேன். சிவந்த ஒளிக்கு முன்னால் கருப்பாய் ஒரு குதிரையின் தலை எழுந்தது. புள்ளி புள்ளியாய் இருந்தாலும் குதிரைதான். எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது.

வெள்ளிக்கிழமை விருந்தில் ஹாரிப் அதை எல்லாருக்கும் காட்டினான். "நாங்க எடுத்தது" என்றான். மாமனார் செல்போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். குதிரை வளர்த்தவர்.

"காது எங்கே?"

அது குதிரை இல்லை, பின்னாலிருக்கும் வெளிச்சத்தை மறைக்கும் தூசி என்று விளக்கினேன்.

"தூசியா? அதுக்கா அவ்வளவு தூரம் போனீங்க? நம்ம மாடியிலேயே நிறைய இருக்கே, மாப்பிள்ளை."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சோற்றில் கை வைத்தேன். அதற்குள் ஹாரிப் அடுத்த அமாவாசைக்குக் குடும்பத்தோடு போவதாகவும், மூன்று வண்டிகள் தயார் என்றும் சொல்லிக்கொண்டிருந்தான். நஸ்ரா தடுப்பாள் என்று அவள் பக்கம் திரும்பினேன். குழந்தைகளுக்கு இன்னும் இரண்டு கம்பளி வாங்க வேண்டும் என்றாள்.