சின்ன சாரின் இரண்டு ஆட்டங்கள்

விசாரணைக்கு வந்திருந்தவர்கள்: லீக் ஒழுங்குக் குழுவிலிருந்து மூன்று பேர், போன சனிக்கிழமை ஆட்டத்தை நடத்திய நடுவர், கல்லூரியின் விளையாட்டு இயக்குநர் மேடம், கால்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளர், குறிப்பெடுக்க ஓர் எழுத்தர், உடன் வந்தவர் ஒருவர்.

அந்த உடன் வந்தவர்தான் துணைப் பயிற்சியாளர். எழுத்தர் பதவி என்னவென்று கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. பதினோரு வருடமாக இதே அணியில் இருக்கிறார். பையன்கள் தலைமைப் பயிற்சியாளரைப் பெரிய சார் என்பார்கள், இவரைச் சின்ன சார் என்பார்கள். சின்ன சாருக்கு வயது நாற்பத்திரண்டு. முன்மண்டையில் பாதி முடி போய்விட்டது.

விஷயம் பிரமாதமாக ஒன்றுமில்லை. பெனால்டி கொடுக்காத நடுவரைப் பெரிய சார் ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்வியில் நடுவரின் கண்பார்வையும் குடும்பமும் சேர்ந்து வந்துவிட்டன. சிவப்பு அட்டை. விசாரணையில் மன்னிப்புக் கேட்டிருந்தால் ஓர் ஆட்டத்தோடு போயிருக்கும். பெரிய சாரோ நடுவருக்கு விதிகளை விளக்க ஆரம்பித்தார். தடை இரண்டு ஆட்டமானது. இரண்டிலும் அவர் மேலே பார்வையாளர்களோடு உட்காரலாம். ஆட்டக்காரர்களின் அறைக்குள்ளோ மைதான ஓரத்திலோ கால் வைத்தால் ஆட்டம் எதிரணிக்கு எழுதப்படும்.

வெளியே நடையில் மேடம் சின்ன சாரை நிறுத்தினார். அடுத்த வருடம் கல்லூரி பெண்கள் அணி ஒன்று தொடங்குகிறது. அதற்குத் தலைமைப் பயிற்சியாளர் வேண்டும். சின்ன சார் விண்ணப்பம் போட்டு ஒரு மாதமாகியிருந்தது.

“உங்க ஃபைல படிச்சேன். எல்லாரும் உங்கள நல்ல உதவியாளர்னு எழுதியிருக்காங்க. அதுதான் எனக்குப் பயமா இருக்கு. நீங்க ஒரு முடிவு எடுத்து நான் பாத்ததே இல்ல. இந்த ரெண்டு ஆட்டத்துக்கும் வரேன். பாத்துட்டுச் சொல்றேன்.”

இதற்கு முன் மூன்று கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து மூன்றும் கை நழுவியிருந்தன. மூன்றுக்கும் பரிந்துரைக் கடிதம் எழுதியது பெரிய சார்தான். குறை வைக்காமல், மனதார எழுதினார். இப்படி ஓர் உதவியாளர் யாருக்கும் கிடைக்கமாட்டார் என்று எழுதினார். படித்தவர்கள் அதை அப்படியே நம்பி, இவரை உதவியாளராகவே விட்டுவிட்டார்கள்.

பொய்யும் இல்லை. பந்துக்குக் காற்றடிப்பதிலிருந்து பஸ் பிடிப்பது வரை இவர் தலையில்தான். எதிரணி ஆடிய ஆட்டங்களை வெட்டி ஒட்டி வீடியோ தயாரிப்பது, கார்னர் அடிக்கும்போது யார் எங்கே நிற்பது என்று படம் போட்டுக் கொடுப்பது, எல்லாம் இவர். வெள்ளிக்கிழமைகளில் இன்னொரு வேலை உண்டு. பெரிய சார் மறுநாள் ஆடும் பெயர்ப் பட்டியலை இவர் கையில் திணித்துவிட்டுக் காரில் ஏறிவிடுவார். இடம் கிடைக்காதவனைக் கூப்பிட்டுச் சொல்வது சின்ன சாரின் பாடு. தொடர்ந்து ஆறு வெள்ளியாகக் குருவி என்று எல்லாரும் கூப்பிடும் பையனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இடது ஓரத்தில் ஓடுகிறவன் அவன். ஒல்லி, ஆனால் ஓடினால் புல்லுக்கே தெரியாது. உடம்பே இல்லாதவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது பெரிய சாரின் கட்சி. ஆறாவது தடவை குருவி எதுவும் கேட்கவில்லை. தலையாட்டிவிட்டுப் போனான். கேள்வி கேட்டிருந்தால் தேவலாம் என்று இருந்தது இவருக்கு.

ஆனாலும் பெரிய சாரை எதிர்த்துப் பேச நாக்கு எழாது. மூட்டு போய் ஆட்டத்தை விட்டபின், சின்ன சார் ஐந்து வருடம் டைல்ஸ் கடையில் மாதிரிகளை எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். அங்கே குளியலறைக்கு டைல்ஸ் வாங்க வந்த பெரிய சார், பழைய ஆட்டக்காரரை அடையாளம் கண்டு, டைல்ஸை மறந்து இவரைக் கூட்டிக்கொண்டு போனார். அந்தக் கடன் தொண்டையிலேயே நின்றது.

முதல் ஆட்டத்தன்று சின்ன சாரின் சட்டைப்பையில் போன் இருந்தது. தீர்ப்பில் போனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தொண்ணூறு நிமிடத்தில் பதினேழு தடவை பெரிய சார் கூப்பிட்டார். சின்ன சார் காதில் வைப்பார், மைதானத்தைப் பார்த்துக் கத்துவார், மறுபடி காதில் வைப்பார். அறுபதாவது நிமிடத்தில் வேகமாக ஓடுகிற யாரையாவது இறக்கலாம் என்று மாற்று ஆட்டக்காரர்கள் பக்கம் திரும்பினார். அதற்குள் போன் அடித்தது. நெட்டையனை இறக்கு, பந்தைத் தூக்கிப் போடச் சொல் என்றது. நெட்டையன் இறங்கினான். மேகத்துக்குப் போன பந்து ஒன்றுகூட அவன் தலைக்கு வரவில்லை. கடைசி இரண்டு நிமிடத்தில் ஒரு கோல் வாங்கித் தோற்றார்கள்.

மேடம் வண்டி நிறுத்துமிடத்தில் கார்க் கண்ணாடியை இறக்கிச் சொன்னார். “ஆட்டம் பாத்தேன். கோச் மேல உக்காந்திருந்தார்.”

வண்டி போய்விட்டது.

சின்ன சாரின் மனைவிக்குப் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை வேலை. மைதானத்தில் நடந்ததையெல்லாம் அன்று வீட்டில் கேட்டவள் ஆறுதல் சொல்லவில்லை. அது அவளுக்கு வராது.

“நாள் முழுக்க, டாக்டர் வந்துருவார் உக்காருங்கன்னு சொல்லிட்டு வரேன். இங்க வந்தா பதினோரு வருஷமா ஒருத்தர் உக்காந்துட்டே இருக்காரு,” என்றாள். அப்புறம் துணி மடிப்பதை நிறுத்திவிட்டுச் சொன்னாள். “அடுத்த சனிக்கிழமை உங்க போன எங்கிட்ட குடுத்துட்டுப் போங்க. அவர் கூப்பிட்டா நான் பேசிக்கிறேன்.”

வெள்ளிக்கிழமை பெரிய சார் பட்டியல் கொடுத்தார். சின்ன சார் முதல் பதினொரு பெயரில் கை வைக்கவில்லை. மாற்று ஆட்டக்காரர்கள் வரிசையில் மட்டும் கடைசிப் பெயரை அடித்துவிட்டுக் குருவியின் பெயரை எழுதினார். பாதித் துணிச்சல்தான். மீதிப் பாதி எங்கே கிடைக்கும் என்று அவருக்கே தெரியாது.

சனிக்கிழமை போனை மனைவியிடம் கொடுத்தார். காதில் எதுவும் இல்லாமல் ஓர் ஆட்டம் பார்ப்பது விநோதமாக இருந்தது. முதல் கால்மணி நேரம் கை சட்டைப்பைக்குப் போய்ப் போய் வந்தது. அதற்கப்புறம் மைதானம் தெரிய ஆரம்பித்தது. இருபதாவது நிமிடத்தில் ஒரு கோல் வாங்கினார்கள். முப்பத்தொன்றில் எதிரணியின் ரைட் பேக், அவர்களுடைய வலது ஓரத்தைக் காப்பவன், சட்டையைப் பிடித்து இழுத்து மஞ்சள் அட்டை வாங்கினான். இன்னொன்று வாங்கினால் வெளியே. சின்ன சார் அவனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மஞ்சள் வாங்கியபின் அவன் யார் மேலும் கால் வைக்கவில்லை, இரண்டு அடி தள்ளியே நின்றான். அவன் எதிரே ஓடுகிறவன் ஒருவன் வேண்டும். அவ்வளவுதான்.

இடைவேளையில் அறைக்குள் வந்து, வெள்ளைப் பலகையில் அதைப் படமாகப் போட்டார். குருவி இறங்க வேண்டும், பந்து ஒவ்வொரு தடவையும் இடது ஓரத்துக்கே போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது பின்கதவு திறந்தது. தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டு, யாருடைய மழைக்கோட்டையோ மாட்டிக்கொண்டு பெரிய சார் உள்ளே வந்தார். முன்கதவுக்கு வெளியே இருபதடியில் தடையைக் கண்காணிக்க லீக் அனுப்பியவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“கூப்பிட்டா உன் பொண்டாட்டி எடுக்குறா. டாக்டர் வந்துருவார் உக்காருங்கங்கிறா,” என்றார் பெரிய சார்.

மூலையில் ஒருவன் சிரிப்பை இருமலாக்கினான். பெரிய சார் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உள்ளங்கையால் பலகையைத் துடைத்தார். நெட்டையன் இறங்கட்டும், பந்தைத் தூக்கிப் போடுங்கள் என்று அம்புக்குறி போட ஆரம்பித்தார். சின்ன சார் போட்ட படம் அவருடைய கையில் கறுப்பாக ஒட்டியிருந்தது.

கேப்டன் கணுக்காலில் ஐஸ் பையை அழுத்தியபடி நிமிர்ந்தான். திமிராகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். “சார், இப்ப நாங்க யார் சொல்றத கேக்கறது?”

பதினெட்டுப் பேரும் சின்ன சாரைப் பார்த்தார்கள். பேசாமல் இருந்தால் போதும். வெளியே இருப்பவருக்குத் தெரியாமலேயே முடிந்துவிடலாம். ஒருவேளை நெட்டையன் கோலும் போடலாம். அப்படிப் போட்டால் அது யாருடைய கோல் என்று மேலே உட்கார்ந்திருக்கும் மேடத்துக்குத் தெரியும். பெண்கள் அணி வேறு யாருக்கோ போகும்.

“சார், வெளிய போங்க,” என்றார்.

பெரிய சார் பலகையிலிருந்து பேனாவை எடுக்காமல் திரும்பினார். “என்ன?”

“நீங்க இங்க இருந்தா ஆட்டம் போயிடும்.”

“எவனுக்குத் தெரியப்போகுது?”

“தெரியாட்டியும் போங்க சார். குருவி இறங்கறான். நான் முடிவு பண்ணிட்டேன்.”

பெரிய சார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். குரல் தணிந்தது. தணிந்தால்தான் அவர் ஆபத்து. “டைல்ஸ் கடைலேருந்து உன்ன யார்டா கூட்டிட்டு வந்தது?”

“நீங்கதான். அத நான் மறக்கல, மறக்கவும் மாட்டேன். நாளைக்கு வீட்டுக்கு வரேன், எவ்வளவு வேணா திட்டுங்க. இப்ப ஆறு நிமிஷம்தான் இருக்கு, அது எனக்கு வேணும்.”

குருவி குனிந்து பூட்ஸ் கயிற்றை இறுக்கிக் கட்டத் தொடங்கியிருந்தான். பெரிய சார் அவனைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார்.

“ரைட் பேக் மஞ்சள் வாங்கினான்ல?”

“ஆமா.”

“ம்.” பேனாவை மூடினார். அதைச் சின்ன சாரிடம் நீட்டினார். பின்கதவுவரை போனவர் திரும்பி, “குருவி மேல போனா அவன் பின்னாடி காலியா இருக்கும். அங்க ஒருத்தன…”

“பாத்துக்கறேன் சார். போங்க.”

பெரிய சார் தொப்பியை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துக்கொண்டு வெளியேறினார். சின்ன சார் பின்கதவைச் சாத்தி, சாவியைத் திருப்பிப் பூட்டினார்.