முழங்கைச் சுற்று

"அம்மா, வண்டி ஒயர் கிடைச்சுதா?" என்று மகன் வாசலிலிருந்து குரல் கொடுத்தபோது, அவள் வண்டியின் பக்கவாட்டு அறையைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். ஒயர் கண்ணெதிரே கொக்கியில்தான் தொங்கியது. எடுக்கத்தான் கை வரவில்லை.

அதைச் சுற்றி மாட்டியவர் அவள் கணவர். இன்று காலை, ஏரிக்கரை முகாமிலிருந்து கிளம்பும்போது. படுக்கையும் அடுப்பும் உள்ள வண்டி அது, முகாம்களில் நிறுத்தித் தங்கும்போது இந்த ஒயரில்தான் கரண்ட் எடுப்பார்கள். மத்தியானம் வீட்டு முற்றத்தில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, இன்ஜினை அணைத்துவிட்டு, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தார். தூங்குகிறார் என்று நினைத்து அவள் பாத்திரங்களை இறக்கிக்கொண்டிருந்தாள். ஆயுள் முழுக்க பஸ் ஓட்டியவர். வண்டி கோடு போட்டாற்போல் நேராக நின்றிருந்தது.

மகள் வந்துசேர நாளைக் காலை ஆகும். அதுவரை உடலை வைக்கக் குளிர்பெட்டி வந்துவிட்டது. அதைச் செருகும் பெரிய பிளக் பாயிண்ட் சமையலறையில் மட்டும்தான் இருக்கிறது. பெட்டியோ முன்னறையில்.

"நம்ம ஒயர் எட்டும்மா. அதுல ரயிலே ஓட்டலாம்னு அப்பா சொல்லுவாரே" என்றபடி மகன் வந்து, கொக்கியிலிருந்து அதைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு போனான். அவள் பின்னாலேயே போனாள்.

வண்டி வாங்கிய வருஷம் அந்த ஒயருக்காகக் கடையில் ஒரு சண்டையே நடந்தது. அவர் மெல்லிய வெள்ளை ஒயர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, "இது கைக்கு அடக்கமா இருக்கு" என்றார். மோட்டார் பட்டறையில் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றிக் கட்டிய கை அவளுடையது. நீளமான குழாய் குறுகலாகவும் இருந்தால் கடைசியில் தண்ணீர் சொட்டத்தான் செய்யும். மின்சாரமும் அப்படித்தான் என்றாள். நீளம் கூடக்கூடச் செம்பும் கூட வேண்டும். அந்தச் செம்பும் ஒற்றைக் கம்பியாக இருக்கக் கூடாது, மடக்கி நிமிர்த்தினால் ஒடிந்துவிடும். முடி போன்ற இழைகள் நூற்றுக்கணக்கில் சேர்ந்திருக்க வேண்டும், அதற்குமேல் குளிரில் விறைக்காத ரப்பர் உறை. அவள் கேட்டதைக் கடைக்காரர் உருட்டிக்கொண்டு வந்தார்.

"வண்டிக்கு ஒயர் வாங்குறியா, வண்டியைக் கட்டி இழுக்கக் கயிறு வாங்குறியா?" என்றார் கணவர். கடைக்காரர் சிரித்ததில் அவருக்குப் பரம திருப்தி.

வாங்கிய பிறகு அதைச் சுற்றி வைப்பதில் சண்டை. ஒரு வளையம் மேலாக, அடுத்தது உள்பக்கம் திருப்பிக் கீழாக, பெரிதாகத் தளர்வாகப் போட வேண்டும் என்பாள் அவள். ஒரு வளையத்தில் ஏறிய முறுக்கை அடுத்தது அவிழ்த்துவிடும். அவர் கட்டைவிரல் இடுக்கில் கொடுத்து, முழங்கையைச் சுற்றி வரிந்து கட்டுவார். முறுக்கெல்லாம் உள்ளேயே தங்கி, இழை ஒவ்வொன்றாக அறுமென்று அவள் எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது.

"எப்படிச் சுத்துனா என்ன வாத்தியாரம்மா? கரண்டுக்குத் தலையா சுத்தப்போகுது?"

இன்றைக்கும் முழங்கைச் சுற்றுதான். முடிவில் நுனியை நடுவில் வளைத்துச் செருகி ஒரு முடிச்சு.

பெட்டிக்காரர் அந்த முடிச்சை அவிழ்த்தார். இரண்டு முனையிலும் வேண்டிய அளவு மட்டும் இழுத்துக்கொண்டு, மீதிச் சுருளைச் சுவரோரம் வைத்தார். "பழைய பெட்டிம்மா. கொஞ்சம் கரண்ட் தின்னும். மத்தபடி ராத்திரி பூரா சத்தமில்லாம ஓடும்."

சுருளை முழுக்கப் பிரிக்காமல் யாராவது மின்சாரம் விட்டால் அவள் சும்மா இருந்ததில்லை. முகாமில் முன்பின் தெரியாதவர்களிடம்கூடப் போய்ச் சொல்லிவிட்டு வருவாள். இன்று சுருளைப் பார்த்தாள். அவர் சுற்றியது பெரும்பாலும் அப்படியே இருந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஆட்கள் வந்தார்கள். கையைப் பிடித்தார்கள். "நல்ல சாவு, படுக்கைல கிடக்காமப் போயிட்டார்" என்றார்கள். அவள் தலையாட்டினாள். அழுகை வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள், அவளும்தான். வரவில்லை. யார் காலும் தடுக்க வேண்டாமென்று எதிர்வீட்டம்மா சுருளின்மேல் ஒரு கம்பளத்தைப் போட்டு மூடினார்.

இருட்டியபிறகு கூட்டம் குறைந்தது. அவள் சுவரோரம் உட்கார்ந்து கம்பளத்துக்கு அடியில் கையை விட்டாள். சுருள் சூடாக இருந்தது. உள்ளங்கையை அதன்மேல் அப்படியே வைத்திருந்தாள். நேரமாக ஆக ஏறும் சூடு அது. ஒயர் நீண்டு கிடந்தால் சூடு காற்றோடு போய்விடும். நெருங்கிக் கிடந்தால் ஒரு சுற்று இன்னொன்றைச் சுடும். கம்பளம் வேறு. விடிவதற்குள் ரப்பர் இளகிவிடும்.

கையை எடுக்க மனமில்லாமல் இன்னும் கொஞ்சநேரம் வைத்திருந்தாள். பிறகு கம்பளத்தை விலக்கினாள்.

"என்னம்மா பண்றே? நான் பிரிக்கிறேன், விடு" என்றான் மகன்.

"நீ போய்ப் படு. நானே பிரிச்சுக்கிறேன்."

ஒரு சுற்றாக எடுத்தாள். அடுத்த சுற்று. பெட்டியைச் சுற்றி, சுவரை ஒட்டி, சமையலறை வரை தரையில் பரப்பிக்கொண்டே போனாள். கடைசிச் சுற்றும் பிரிந்தது. ஆனாலும் ஒயர் நேராகக் கிடக்கவில்லை. வருஷக்கணக்காக வரிந்து சுற்றியதில் அவர் முழங்கை வளைவு ரப்பரில் படிந்துபோயிருந்தது. நெடுக, ஒரே இடைவெளியில், சின்னச் சின்ன மடிப்புகள்.

விடிந்ததும் மகள் வந்தாள். எல்லாம் முடிந்தது. பெட்டியைத் திரும்பக் கொண்டுபோனார்கள்.

ஒயர் மட்டும் தரையில் கிடந்தது. ஆறிப்போயிருந்தது. அவள் ஒரு முனையை எடுத்துக் கட்டைவிரல் இடுக்கில் கொடுத்து, முழங்கையைச் சுற்றிக் கொண்டுவந்தாள்.

"அம்மா, இப்படிச் சுத்தக் கூடாதுன்னு நீதானே சொல்லுவே?" என்றான் மகன்.

அவள் அடுத்த சுற்றைப் போட்டாள். அவருக்கு நீளமான கை. மடிப்புகள் அவள் முழங்கையில் வந்து பொருந்தவில்லை, அதற்கும் கீழே தொங்கின. அவள் இழுத்து வரியவில்லை. மடிப்புகளை அவற்றின் போக்கிலேயே விட்டு, முழங்கைக்குக் கீழே நாலு விரற்கடை தொங்கத் தொங்க, சுற்றிக்கொண்டே போனாள்.