கோல்டன் சிரப் சேனை

பிறந்த குழந்தையின் நாக்கில் முதன்முதலாகத் தேன் தொட்டு வைப்பவரின் குணம் அப்படியே குழந்தைக்கு வந்துவிடுமாம். இதைத்தான் சேனை வைப்பது என்பார்கள். எம்.எஸ்.சி. படித்த விமலா இதை நம்பினாளா என்று கேட்காதீர்கள். பெற்றவளுக்குப் பயம் வந்துவிட்டால் படிப்பெல்லாம் பரணுக்குப் போய்விடும்.

அவள் புருஷன் நரேனுக்கு அண்ணன் நரசிம்மன்தான் எல்லாம். சேனையும் அண்ணன்தான் வைக்க வேண்டும் என்றான். நரசிம்மன் யாரையும் அதட்டி விமலா பார்த்ததில்லை. எப்போதும் சிரித்த முகம். ஆனால் அவர் மனைவி புஷ்பவல்லியிடம் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால்கூட, கணவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வாள். சிட்னி வெயில் கொளுத்தும் ஜனவரியிலும் முழுக்கைச் சட்டைதான் போடுவாள். இந்த ஆளின் குணமா என் பிள்ளைக்கு என்று நினைத்தாள் விமலா.

ஆஸ்பத்திரி நர்ஸ், ஒரு வயது வரை தேன் கூடவே கூடாது என்றபோது, கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது. சீனித்தண்ணீர் வைக்கலாமே என்று நரேன் கேட்டான். "தண்ணியா வச்சா குணமும் தண்ணியாப் போயிரும்டா" என்று நரசிம்மனே மறுத்துவிட்டார். தப்பித்தோம் என்று விமலா, சிட்னிப் புறநகரான டூங்கபியில் இருந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம். ஞாயிற்றுக்கிழமை நரசிம்மன் மனைவியோடு வந்தார். கையில், இந்த ஊர்க்காரர்கள் பிஸ்கட் சுட வாங்கும் கோல்டன் சிரப் டப்பா.

"தேன் இல்லம்மா, கரும்புப் பாகு. சூப்பர் மார்க்கெட்ல மாவு பக்கத்துல இருந்துச்சு. நர்ஸ் தேனத்தானே வேண்டாம்னாங்க?"

நரேன் விமலாவிடமிருந்து குழந்தையை வாங்கி அண்ணனிடம் நீட்டினான்.

"புஷ்பா, மூடியத் திற."

புஷ்பவல்லி திறந்தாள். இந்த முறை அவர் முகத்தைப் பார்க்கவில்லை. விரலை உள்ளே விட்டெடுத்து, ஒரு சொட்டைக் குழந்தையின் நாக்கில் வைத்துவிட்டாள்.

"நான் வச்சுட்டேன்" என்றாள்.

குழந்தை சப்புக்கொட்டியது. நரசிம்மன் சிரித்தார்.

"நல்லது. வா, வீட்டுக்குப் போவோம்."

"சாப்பிட்டுப் போங்கண்ணே" என்றான் நரேன்.

"இல்லடா, வேலை இருக்கு."

புஷ்பவல்லி குழந்தையின் கன்னத்தைத் தொட்டுவிட்டு அவர் பின்னால் போனாள்.

"பாத்தியா, அண்ணன் கோவப்படவே இல்ல" என்றான் நரேன் நிம்மதியாக.

கார்க் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. வண்டி கிளம்பும் சத்தம் கேட்கவில்லை. விமலா சற்று நேரம் காது கொடுத்துக் கேட்டாள். புஷ்பவல்லியின் முழுக்கைச் சட்டை நினைவுக்கு வந்தது. பிறகு, "அக்கா, இறங்கி வந்துருங்க!" என்று கத்திக்கொண்டு செருப்புகூடப் போடாமல் ஓடினாள். வாசலில் நின்ற காரின் கண்ணாடிகள் ஒவ்வொன்றாக மேலே ஏறிக்கொண்டிருந்தன.