புத்தகத்தில் இருக்கிற அம்மா

கரவெட்டியில் அருளம்பலத்தாரின் வண்டில் ஒரு வீட்டின் படலை வாசலில் வந்து நின்றால் அங்கே ஏதோ நடக்கப்போகிறது என்று அர்த்தம். ஒன்றில் கலியாணப் பேச்சாக இருக்கும், இல்லாவிட்டால் எல்லைச் சண்டையாக இருக்கும். முப்பத்தாறாம் ஆண்டு ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அந்த வண்டில் மகாதேவியின் படலையில் வந்து நின்றது. உள்ளே புதுப்பாய் விரித்து, இரண்டு சின்னத் தலையணைகளும் போட்டிருந்தது. அதைக் கண்டதும் மகாதேவி கையிலிருந்த விளக்குமாற்றைக் கீழே போட்டாள்.

தலையணைகள் யாருக்கு என்று அவளுக்கு ஒருவரும் சொல்லத் தேவையில்லை. அவளுடைய புருஷன் நமசிவாயத்துக்கு மூத்த தாரத்தில் இரண்டு பிள்ளைகள். குணலட்சுமிக்கு ஏழு வயது, பரமுவுக்கு நாலு. அவர்களைப் பெற்ற செல்வநாயகி நெருப்புக் காய்ச்சலில் போய் இரண்டு வருஷம் ஆகிறது. தகப்பன் மறுதாரம் கட்டினால் தாயில்லாப் பிள்ளைகளைத் தாய்வழியார் எடுத்து வளர்ப்பது ஊர் வழக்கம். மகாதேவி குடியிருக்கிற வீடும் வளவும்கூடச் செல்வநாயகியின் சீதனம்தான். செல்வநாயகியின் ஒரே தமையன் இந்த அருளம்பலம். அவர் வந்து பிள்ளைகளைக் கேட்டால் மாட்டேன் என்று சொல்ல மகாதேவிக்கு ஒரு பிடியும் கிடையாது. நமசிவாயமோ கொழும்பில் கந்தோர் உத்தியோகம். மாதம் ஒருதரம் வந்து, மைத்துனர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு ரயிலேறுகிற மனுஷன்.

மகாதேவி வந்து ஒரு வருஷமாகக் கேட்காதவர் இப்போது ஏன் வந்தார்? எல்லாம் பரமுவின் வாயால் வந்த வினை. போன கிழமை மாமா வீட்டுக்குப் போனவன், மாமி இரத்தினம்மா கொடுத்த மோதகத்தைக் கடித்தபடி, "எங்கடை அம்மா புத்தகத்திலை இருக்கிறா. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஆட்டுக்குட்டியோடை நிக்கிறா. சின்னம்மா எங்களுக்கு வாசிக்கிறவ" என்று சொல்லிவிட்டான். இரத்தினம்மாவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மகாதேவி மிஷன் பள்ளிக்கூட விடுதியில் இருந்து படித்தவள் என்பது ஊருக்கே தெரியும். அங்கேயும் அவள் திருநீறு பூசிக்கொண்டுதான் படித்தாள் என்பதைக் கேட்க மட்டும் யாருக்கும் நேரமில்லை. பொழுது சாய்வதற்குள், செல்வநாயகியின் பிள்ளைகளை கிறிஸ்தவ வேதத்தில் சேர்த்தாகிவிட்டது என்று கிணற்றடி முழுக்கக் கதை பரவிவிட்டது.

நடந்தது வேறு. அது மகாதேவிக்குப் பள்ளிக்கூடத்தில் பரிசாகக் கிடைத்த இங்கிலீசுக் கதைப் புத்தகம். அவள் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் பொழுதுபட்டால் பரமு அழுவான். எதற்கு அழுகிறோம் என்று அவனுக்கே தெரியாத அழுகை அது. ஒருநாள் வேறு வழி தெரியாமல் அந்தப் புத்தகத்தை விரித்து, பார்த்துப் பார்த்துத் தமிழில் சொல்லத் தொடங்கினாள். ஒரு பக்கத்தில் நீண்ட வெள்ளைச் சட்டையோடு ஒரு பெண் ஆட்டுக்குட்டியை அணைத்துக்கொண்டு நின்றாள். பரமு அழுகையை நிறுத்தி, "இது ஆர்? அம்மாவோ?" என்று கேட்டான்.

செல்வநாயகியை ஒருவரும் படம் பிடித்து வைக்கவில்லை. பொடியனுக்குத் தாயின் முகம் மறந்து கனநாள். இல்லை என்றுதான் மகாதேவி சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டு அவளால் அதைச் சொல்ல முடியவில்லை. "ஓம்" என்றாள்.

ஒரு "ஓம்" ஒரு மனுஷியை என்ன பாடு படுத்தும் என்று அதற்குப் பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. அம்மா அதுக்குப் பிறகு என்ன செய்தா என்று அவன் தினமும் கேட்டான். அவள் கிணற்றடிப் பெண்களின் வாயைக் கிளறி, செல்வநாயகி எப்படிச் சிரிப்பாள், என்ன கறியைக் கைப்பக்குவமாக வைப்பாள் என்று துருவித் துருவி அறிந்துவந்து, பொழுதுபட்டதும் புத்தகத்தை மடியில் விரித்து வைத்து "வாசித்தாள்". அறிந்தது போதாத இடத்தில் தன் கையிருப்பில் இருந்தும் போட்டுக்கொண்டாள். ஊர் சொன்னதுபோல அவள் ஒரு மதத்தையும் புகட்டவில்லை. செத்துப்போன மூத்தாளைத்தான் பிள்ளைகளுக்குப் புகட்டினாள். இதைப் போய் யாரிடம் சொல்வது, சொன்னால் யார் நம்புவார்கள்?

அருளம்பலத்தார் விறாந்தைக் கதிரையில் வந்து இருந்தார்.

"இருங்கோ அண்ணை, தேத்தண்ணி கொண்டு வாறன்" என்றாள் மகாதேவி.

அவள் வாயிலிருந்து வருகிற "அண்ணை" அவருடைய காதில் விழுவதேயில்லை. "தேத்தண்ணி குடிக்க வரேல்லை. பிள்ளையளைக் கொண்டுபோக வந்தனான்" என்றார். "ஆனால் பொம்பிளையளின்ரை கதையைக் கேட்டுச் செய்தவன் எண்டு பிறகு ஒருத்தரும் சொல்லப்படாது. நீர் இதுகளுக்கு வாசிக்கிறதை நான் என்ரை காதாலை கேக்கோணும். எடும் புத்தகத்தை."

மகாதேவி புத்தகம் இருந்த உள்ளறையைப் பார்த்தாள். அந்தப் பக்கத்தில் அச்சடித்திருப்பதை உள்ளபடி வாசித்தால் இரண்டாம் வரியிலேயே ஒரு தேவாலயம் வருகிறது. வண்டில் புறப்பட அது ஒன்றே போதும். வழமைபோல வாசித்தாலோ, செல்வநாயகியின் கதையைச் செல்வநாயகியின் கூடப்பிறந்தவருக்கே சொல்ல வேண்டும். அந்த மனுஷன் லேசான ஆளுமல்ல. கோயிலில் புராணம் வாசிக்கிறவர்களுக்கு அவர் ஒரு சிம்மசொப்பனம். ஒரு சொல் தப்பினால் சபை நடுவிலேயே இருமுவார். அந்த இருமலுக்குப் பயந்து வாசிப்பை விட்டவர்களும் ஊரில் உண்டு.

அவள் எழும்ப முந்தியே பரமு உள்ளே ஓடிப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். மாமாவின் மடியில் அதைப் போட்டு, பழகிய கையால் பக்கத்தைத் திருப்பி, "மாமா, இதுதான் அம்மா" என்று விரலை வைத்தான். அவன் முகத்தில் அவ்வளவு பெருமை.

அருளம்பலத்தார் படத்தைப் பார்த்தார். பிறகு மகாதேவியைப் பார்த்தார்.

"இது என்ரை தங்கச்சியோ?" என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "வாசியும்."

புத்தகம் அவளுடைய கைக்கு வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினாள்.

"'அண்டைக்கு நல்ல மழை. அம்மா முருங்கைக்காய்க் கறியை இறக்கி வைச்சுப்போட்டு வெளியிலை எட்டிப் பாத்தா. பக்கத்து வளவு ஆட்டுக்குட்டி ஒண்டு புகையிலைத் தோட்டத்துக்குள்ளை நனைஞ்சுகொண்டு நிண்டுது. ஐயோ பாவம் எண்டு அம்மா ஓடிப்போய், அதைச் சீலைத் தலைப்பாலை போத்துத் தூக்கிக்கொண்டு வந்து, அடுப்படியிலை வைச்சுச் சூடு காட்டி...'"

அருளம்பலத்தார் இருமினார்.

மகாதேவி பாதி வசனத்தில் நிறுத்தினாள்.

"அவளுக்கு ஆடெண்டால் அருவருப்பு. காய்ச்சலுக்குக்கூட ஆட்டுப்பால் குடிக்கமாட்டாள்" என்றார் அவர். "அதை விடும். நான் புராணம் கேட்டுக் கேட்டுத் தலை நரைச்சவன். வாசிக்கிற ஆளின்ரை கண் எப்பிடி ஓடும் எண்டு எனக்குத் தெரியும். உம்மடை கண் ஒரே இடத்திலை நிக்குது. உதிலை இருக்கிறதை நீர் வாசிக்கேல்லை."

பரமு நிமிர்ந்தான். மாமாவைப் பார்த்தான், புத்தகத்தைப் பார்த்தான், கடைசியில் மகாதேவியைப் பார்த்தான். "சின்னம்மா, அம்மா உதிலை இல்லையோ?"

வண்டிலும் தலையணையும் அந்த நேரம் அவளுக்கு மறந்துபோயின. பிள்ளையின் முகம்தான் அவளைக் கொன்றது. ஒரு வருஷமாக அவனுக்கு ஒரு தாயைக் கட்டிக் கொடுத்தவள், அவனை மடிக்கு இழுக்கக் கையை நீட்டினாள்.

"இல்லையடா. உது ஆரோ ஒரு வெள்ளைக்காரி" என்ற அருளம்பலத்தார், எட்டிப் புத்தகத்தை வாங்கிப் படத்தின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்தார். தாள் 'சர்' என்று ஒரு விரலளவு கிழிந்தது.

"அம்மாவைக் கிழிக்கிறார்! சின்னம்மா, அம்மாவைக் கிழிக்கிறார்!" பரமு வீறிட்டு அவருடைய கையில் தொங்கினான். தெருவில் நின்ற வண்டில்காரன்கூட எட்டிப் பார்த்தான்.

அப்போதுதான் குணலட்சுமி, அவ்வளவு நேரமும் பிடித்துக்கொண்டு நின்ற கதவு நிலையை விட்டு வந்தாள். அவள் அதிகம் கதைக்காத பிள்ளை. தம்பிக்கு வாசிக்கும்போது ஓரமாக இருந்து தன் தலையைத் தானே பின்னிக்கொண்டிருப்பாளே தவிர, ஒருநாளும் இன்ன கதை வேண்டும் என்று கேட்டதில்லை. அவள் நேரே வந்து மாமாவின் விரலை மெல்ல விலக்கிப் புத்தகத்தை எடுத்தாள்.

"தாங்கோ மாமா. நீங்கள் பிழையான பக்கத்தைப் பாக்கிறியள்."

கீழே சம்மணம் கட்டி இருந்தாள். படமே இல்லாத ஒரு பக்கத்தைத் திருப்பினாள். முதல் வரியில் விரலை வைத்து, விரலோடு கண்ணையும் ஓடவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் இழுவையில் வாசிக்கத் தொடங்கினாள்.

"'அம்மாவின்ரை அண்ணை... எங்கடை வீட்டை வருவார். வந்த உடனை... போகோணும் எண்டு நிப்பார். அம்மா அவரின்ரை குடையை எடுத்து... ஒளிச்சு வைச்சுப்போடுவா. அவர், எடியே செல்லம், குடையைத் தாடி, பொழுது படுகுதெண்டு கத்துவார். அம்மா அடுப்படிக்குள்ளை நிண்டு... வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பா. அண்ணை சோறு திண்டாப் பிறகுதான்... குடை வரும்.'"

விரல் வரியின் கடைசிக்குப் போய், அடுத்த வரிக்கு இறங்கியது. மகாதேவி திகைத்துப்போய் நின்றாள். இந்தக் கதையை அவள் சொன்னதேயில்லை. கிணற்றடியில் ஒருத்திக்கும் இது தெரியாது. இந்த வீட்டுக்குள் இருந்து, கண்ணால் கண்டவர்களுக்குத்தான் தெரியும்.

புத்தகத்தைத் திரும்ப வாங்க நீட்டிய அருளம்பலத்தாரின் கை அப்படியே நின்றது. அவர் எழும்பவும் இல்லை, இருமவும் இல்லை. "எங்கை ஒளிக்கிறவள்? நான் ஒருநாளும் கண்டுபிடிக்கேல்லை" என்றார். பிறகு குனிந்து, "உதிலை போட்டிருக்கோ பிள்ளை?" என்று கேட்டார்.

குணலட்சுமி அவசரப்படாமல் தாளைப் புரட்டி, விரலை வைத்தாள்.

"'எல்லாரும் அரிசிப் பெட்டிக்குப் பின்னாலைதான் தேடுவினம். அங்கை இல்லை. அம்மா குடையைத் தம்பியின்ரை ஏணைக்குள்ளை வைச்சிடுவா. தம்பி அதுக்கு மேலை... நித்திரையாயிருப்பான்.'"

"நானோ?" என்றான் பரமு. அழுகை எங்கே போனதென்று தெரியவில்லை. "நான் மாமான்ரை குடைக்கு மேலையோ படுத்தனான்?"

அருளம்பலத்தாருக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிள்ளை படுத்து ஆடுகிற ஏணைத் தொட்டிலில் யார் குடை தேடுவார்கள்? சிரித்துக்கொண்டிருந்த மனுஷன் சால்வையை எடுத்து முகத்தை மூடினார். தோள் குலுங்கியது. தங்கையின் செத்தவீட்டில்கூட, அழவேண்டிய நேரத்தில் பந்தல்காரனை ஏசிக்கொண்டு நின்றவர், இரண்டு வருஷம் பிந்தி அழுதார்.

பிறகு எழும்பிப் படலைக்கு நடந்தார். மகாதேவி பரமுவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அழுதவர்கள் எல்லோரும் மனம் மாறுவார்கள் என்று அவளுக்கு யாரும் எழுதித் தரவில்லை. பிள்ளைகளின் உடுப்பை எடு என்று இப்போதும் சொல்லலாம்.

"வண்டிலைத் திருப்பு. நான் நடந்து வாறன்" என்றார் வண்டில்காரனிடம். படலையைப் பிடித்தபடி, மகாதேவியைத் திரும்பிப் பார்த்தார். "இஞ்சாரும். அவளுக்கு ஆடு பிடிக்காது. அந்த இடத்தை மாத்தி வாசியும்."

அவருடைய தலை வேலிக்கு அப்பால் மறைகிற வரைக்கும் அவள் அசையவில்லை. மறைந்ததும் விறாந்தைப் படியில் வந்து இருந்தாள். பரமு ஒரு தடியைக் குடையாகப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் மாமாவாகிக் கத்திக்கொண்டிருந்தான். குணலட்சுமி கிழிந்த தாளைத் தடவித் தடவி நேராக்கிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை, உதிலை அம்மா இல்லையெண்டு உனக்கு எப்ப தெரியும்?" மகாதேவி தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"முதல் நாளே தெரியும் சின்னம்மா. எனக்கு அம்மான்ரை முகம் நினைப்பிருக்கு."

"அப்ப ஏன் நீ வாய் திறக்கேல்லை?"

"சொன்னால் நீங்கள் வாசிக்கிறதை நிப்பாட்டியிருப்பியள்."

மகாதேவிக்கு வெட்கமாகப் போய்விட்டது. செல்வநாயகியைப் பற்றி அவள் கிணற்றடியில் கேட்டாள், சந்தையில் கேட்டாள், சீலை வெளுக்க வந்தவளிடம்கூடக் கேட்டாள். அழுகிற பிள்ளையை மடியில் வைத்து ஆற்றினாள். அழாத பிள்ளை, எல்லாவற்றையும் நினைவில் வைத்துக்கொண்டு, இந்த வீட்டிலேயே தன் தலையைத் தானே பின்னிக்கொண்டு இருந்திருக்கிறது.

"குடையை ஒளிச்சது மாதிரி இன்னும் எவ்வளவோ உனக்குத் தெரியும். ஏனம்மா ஒருநாளும் ஒண்டும் சொல்லேல்லை?"

குணலட்சுமி புத்தகத்திலிருந்து தலையை எடுக்கவில்லை.

"என்னை ஒருத்தரும் கேக்கேல்லை" என்றாள்.